வீட்டுத் தோட்டத்தில் ஜெரேனியம்: வளர்ப்பும் பெருக்கமும்

மே மாதத்தில் உதகமண்டலத்து மலர்க் காட்சியைக் கண்டு திரும்புவோரில், ஜெரேனியத் தொட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மலையிறங்குவோர் பலர். செக்கச் சிவந்த பூங்கொத்தும், வட்ட இலையும், இலையைத் தொட்டால் கையில் ஒட்டும் ஒருவித வாசனையும் அவர்கள் மனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. ஊர் திரும்பியதும் அத்தொட்டியை வாயிற்படியருகில் வைத்துக் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் வார்க்கிறார்கள். ஐப்பசி மழை தொடங்கிப் பதினைந்து நாளைக்குள் அடித்தண்டு கறுத்து, இலைகள் மஞ்சளாகி, செடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிடுகிறது. “இது குளிர்நாட்டுச் செடி, நம் ஊரில் பிழைக்காது” என்று சொல்லி வெறுந்தொட்டியை மூலையில் கவிழ்த்துவிடுகிறார்கள். மறுவருஷம் மீண்டும் ஒரு தொட்டி வாங்கப்படுகிறது. அதற்கும் அதே கதிதான்.

இது சமவெளியில் வாழ்வோர்க்கு மட்டும் நேரும் நஷ்டம் அன்று. மலையிலேயே குடியிருந்து, பத்து இருபது தொட்டிகளை வளர்த்துப் பருவகாலத்தில் பிரயாணிகளுக்கு விற்றுச் சிறு வருமானம் காணும் குடும்பத்தாரும், ஒரே மழைக்காலத்தில் தாய்ச்செடிகள் அனைத்தையும் இழந்து, அடுத்த பருவத்துக்குக் கன்றுகளைக் கைப்பணம் கொடுத்து வாங்க நேரிடுகிறது. ஆண்டு முழுவதும் பட்ட சிரமத்தின் பலன் அவ்வாறு ஒரு மாதத்தில் கரைந்துபோகிறது.

இவ்விரு நஷ்டங்களுக்கும் காரணம் ஒன்றே; பரிகாரமும் ஒன்றே. ஜெரேனியத்தைக் கொல்வது பெரும்பாலும் உஷ்ணம் அன்று. வேரடியில் தேங்கும் நீரே. பெருமழை வருமுன் அச்செடியின் நுனிகளை நறுக்கிப் போத்தாக நட்டு வேர்பிடிக்கச் செய்து, கூரையடியில் வைத்துக்கொள்பவர் அதை ஒருநாளும் இழப்பதில்லை. இதற்குப் பணச்செலவு மிகவும் சொற்பம். காலமறிந்து செய்வதே முக்கியம்.

செடியின் பிறப்பிடம்

நாம் ஜெரேனியம் என்று அழைக்கும் தோட்டச்செடி, தாவர நூலாரின் கணக்கில் பெலர்கோனியம் என்னும் இனத்தைச் சேர்ந்தது. 1753-ம் வருஷத்தில் லின்னேயஸ் இதனை ஜெரேனிய இனத்திலேயே சேர்த்து வைத்தார். 1789-ம் வருஷத்தில் பிரெஞ்சுத் தாவர நூல் வல்லுநராகிய லெரித்தியே இதைத் தனி இனமாகப் பிரித்தார். ஆயினும் பழைய பெயர் ஜனங்களின் நாவில் நிலைத்துவிட்டது. கிரேக்க மொழியில் ஜெரேனியம் என்பது கொக்கினத்தைச் சேர்ந்த நாரையின் பெயரிலிருந்தும், பெலர்கோனியம் என்பது செங்கால் நாரையின் பெயரிலிருந்தும் வந்தவை. இவற்றின் காய் பறவையின் அலகுபோல் நீண்டு கூர்மையாயிருப்பதே இப்பெயர்களுக்குக் காரணம். உண்மையான ஜெரேனிய இனத்தைச் சேர்ந்த சிறு பூண்டு ஒன்று நீலகிரியில் தானாகவே முளைத்துக் காணப்படுகிறது. அதன் ஐந்து இதழ்களும் ஒரே அளவாயிருக்கும். தோட்டச்செடியின் மேலிரண்டு இதழ்களோ வடிவிலோ நிறத்திலோ மற்ற மூன்றினின்றும் சற்று வேறுபட்டிருக்கும்.

பெலர்கோனிய இனத்தில் ஏறக்குறைய 280 சாதிகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. இவ்வினத்துச் செடியொன்று 1600-ம் வருஷத்துக்கு முன்பே ஹாலந்து தேசத்து லெய்டன் நகரத் தாவரத் தோட்டத்தை அடைந்தது. 1631-ம் வருஷத்தில் ஜான் டிரடெஸ்கண்ட் என்னும் தோட்டக்காரர் பாரிஸ் நகரில் விதை வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். பிற்காலத்தில் ஐரோப்பியர் மலைவாசஸ்தலங்களை ஏற்படுத்தியபோது இச்செடியும் அவர்களுடன் நமது மலைகளுக்கு வந்து சேர்ந்தது.

இச்சரித்திரத்தில் தோட்டக்காரர் மனத்திற் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவில் இவற்றிற் பல சாதிகள் வளரும் நிலம் மணலும் கல்லும் கலந்தது. பெய்த மழை உடனே வடிந்துவிடும். பல மாதங்கள் வறட்சியாயிருக்கும். ஆகவே தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு காலந்தள்ளும் பழக்கம் இச்செடிக்குப் பிறவியிலேயே அமைந்துள்ளது. வறட்சியைப் பொறுக்கும் செடி வெள்ளத்தைப் பொறுக்காது.

வகைகள்

வீட்டுத் தோட்டத்துக்குரிய வகைகள் நான்கு.

முதலாவது, வளைய ஜெரேனியம். இலையின் நடுவே குதிரை லாடம் போன்ற கருநிற வளையம் உடையது. கடைகளில் மிகுதியாய்க் கிடைப்பதும், புதிதாய்த் தொடங்குவோர்க்கு ஏற்றதும் இதுவே.

இரண்டாவது, கொடி ஜெரேனியம். இதன் இலை தடித்துப் பளபளப்பாயிருக்கும். தண்டு தொங்கிப் படரும். தாழ்வாரத்தில் தொட்டியைக் கட்டித் தொங்கவிடுவோர்க்கு உகந்தது.

மூன்றாவது, ராஜ ஜெரேனியம். பூ பெரிது, இதழில் கரும்புள்ளிகள் இருக்கும். இரவில் நல்ல குளிர் இருந்தாலன்றி இது மொட்டுக் கட்டாது. உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் அழகாய்ப் பூக்கும் இச்செடியைச் சமவெளிக்குக் கொண்டு வந்தால், செடி பிழைத்தாலும் பூவைக் காண்பது அரிது. இதை முன்னரே அறிந்துகொண்டால் வீண்செலவு மிச்சமாகும்.

நான்காவது, வாசனை ஜெரேனியம். இதன் பூ சிறியது, சிறப்பெல்லாம் இலையிலேயே. ரோஜாவின் மணத்தை ஒத்த எண்ணெய் தருவது இதுவே. இதைப்பற்றிப் பின்னர் கூறப்படும்.

இடமும் வெயிலும்

மலைப்பிரதேசங்களில் இச்செடிக்கு நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமாவது நேரான வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு மெலிந்து, கணுக்களுக்கிடையே தூரம் அதிகமாகி, பூ குறையும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகமண்டலத்தில் உறைபனி விழும் இரவுகளில் தொட்டிகளைக் கூரையடியில் வைக்க வேண்டும். உறைபனி பட்ட இலை மறுநாட் காலை வெந்த கீரைபோல் கறுத்துத் தொங்கும்.

ஓசூர், பெங்களூர் போன்ற மேட்டு நிலங்களில் வளைய ஜெரேனியம் அதிகச் சிரமமின்றி வளரும். சென்னை முதலிய தாழ்ந்த பிரதேசங்களில் குளிர்காலமே இதன் பூக்காலம். அங்கே மார்ச்சு முதல் செப்டம்பர் வரை காலை வெயில் படவும், நடுப்பகல் வெயில் படாமலும் உள்ள கீழ்ப்புறத் தாழ்வாரமே ஏற்ற இடம். கோடையில் பூ நின்றுபோவது நோய் அன்று. செடி இளைப்பாறும் அக்காலத்தில் உரமிட்டு அதை வற்புறுத்தலாகாது.

மண்ணும் தொட்டியும்

செம்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமக்கு அல்லது தொழு உரம் ஒரு பங்கு என்ற கலவை போதுமானது. கையில் அள்ளி நனைத்துப் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்துவிட வேண்டும். உதிராத மண்ணுக்கு இன்னும் மணல் சேர்க்க வேண்டும்.

நீலகிரி, பழனி மலைகளின் மண் இயற்கையில் புளிப்புத் தன்மை மிக்கது. புளிப்பு அதிகமான மண்ணில் இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரைந்து வேரில் ஏறுவதால், ஜெரேனியத்தின் அடியிலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றி ஓரங்கள் கருகும். பலர் இதைப் பூச்சியென்று எண்ணி மருந்து தெளிக்கிறார்கள், அதனால் பயனில்லை. கலவை தயாரிக்கும்போதே ஒரு கூடை மண்ணுக்கு ஒரு சிறு கைப்பிடி சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட் தூளோ கலந்துவிட்டால் இக்கேடு வராது.

தொட்டிகளில் மண்தொட்டியே சிறந்தது. அதன் சுவர் வழியாக ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பவர் தண்ணீரை அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்ள வேண்டும். அடித்துவாரத்தின் மேல் ஓர் ஓட்டாஞ்சில்லை வைப்பது மண் ஒழுகாதிருப்பதற்கே. அடியில் அரைத்தொட்டி அளவு கல் நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தவறான எண்ணம். அதனால் வேர் ஓடும் இடந்தான் குறையும். ஒரு செடிக்கு 6 அங்குல வாயுள்ள தொட்டி போதும். தொட்டி பெரிதானால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்கும், பூவும் தாமதமாகும்.

தண்ணீரும் உரமும்

ஜெரேனியத்துக்குத் தண்ணீர் வார்ப்பதில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டு மண்ணைப் பார்க்க வேண்டும். விரலை ஓர் அங்குலம் மண்ணுள் செலுத்தினால் ஈரம் தென்படாதபோது மட்டும், அடித்துவாரத்தில் நீர் வெளிவரும் அளவு வார்க்க வேண்டும். அடியில் தட்டு இருந்தால் அதில் தேங்கிய நீரை உடனே கொட்டிவிட வேண்டும். நாளுக்கு இருமுறை சிறிது சிறிதாகத் தெளிப்பதே இச்செடிக்கு இழைக்கும் பெருந்தீங்கு. நீரை வேரடியில் ஊற்ற வேண்டுமேயன்றி இலைமேலும் பூமேலும் தெளித்தலாகாது. நனைந்த பூங்கொத்தில் சாம்பல் நிறப் பூசணம் பிடித்து, அது உதிர்ந்து விழும் இலையையும் அழுகச் செய்யும்.

மாதம் ஒருமுறை மக்கிய தொழு உரம் ஒரு கைப்பிடியை மேல்மண்ணில் கிளறிவிட்டால் போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அடிக்கடி இட்டால் இலை பெருத்துப் பூ சிறுத்துவிடும்.

நுனி கிள்ளுதலும் கழித்தலும்

இளஞ்செடி ஆறு அங்குல உயரம் வந்தவுடன் நடுக்குருத்தைக் கிள்ளிவிட வேண்டும். அப்போது பக்கக் கணுக்களிலிருந்து மூன்று நான்கு கிளைகள் வெடித்துச் செடி புதராய் அமையும். கிளை பெருகினால் பூவும் பெருகும். போத்துக்கு நுனிகளும் பெருகும். வாடிய பூங்கொத்தைப் பூவளவில் கிள்ளாமல், அதன் காம்பு தண்டோடு சேரும் இடத்திலேயே ஒடித்தெடுக்க வேண்டும்.

இரண்டு மூன்று வருஷமான செடியின் அடித்தண்டு மரம்போல் முற்றி, இலையின்றி வெறுமையாகும். பூவும் நுனியில் மட்டுமே வரும். அத்தகைய செடியை எவ்வளவு போஷித்தும் பழைய இளமை திரும்புவது அரிது. அதனிடமிருந்து நல்ல நுனிகளை எடுத்துப் புதுச் செடிகளை உண்டாக்கிக்கொண்டு, பழையதைக் கழித்துவிடுதலே முறை.

போத்து எடுக்கும் காலம்

விதையிலிருந்தும் ஜெரேனியம் வளரும். ஆனால் வீட்டுச் செடியில் விளைந்த விதை பெரும்பாலும் தாயின் நிறத்தையும் குணத்தையும் அப்படியே கொண்டிருப்பதில்லை. விதையால் ஒரே சீராக வரும் வகைகள் 1960-களில்தான் அமெரிக்காவில் உண்டாக்கப்பட்டன. அவ்விதை விலை உயர்ந்தது. வாசனை ஜெரேனியமோ நம் மலைகளில் பயன்படத்தக்க விதை தருவதில்லை. ஆகவே முருங்கையைப் போத்து வைத்துப் பெருக்குவதுபோலவே ஜெரேனியத்தையும் போத்தினாற் பெருக்குவதே எளிது. ஆனால் முருங்கைக்கு முற்றிய கிளை வேண்டும். ஜெரேனியத்துக்கு இளநுனி வேண்டும்.

எப்போது எடுப்பது என்பதற்கு ஒரு விதி உண்டு: அவ்வவ்விடத்துப் பெருமழை தொடங்குவதற்கு ஆறு வாரம் முன்னதாக எடுக்க வேண்டும். போத்து வேர்விட மூன்று முதல் நான்கு வாரமாகும். சிறு தொட்டிக்கு மாறி நிலைபெற மேலும் இரண்டு வாரமாகும். அதன்பின் மழை பெய்தால் அஞ்ச வேண்டியதில்லை. பெருஞ்செடி பத்தை வைக்கக் கூரையடியில் இடமிராது. ஆனால் 3 அங்குலத் தொட்டிகள் முப்பதை ஒரு பலகையின்மேல் அடுக்கி நனையாமல் காத்துவிடலாம். மழையில் தாய்ச்செடி பிழைத்தால் லாபம், போனாலும் நஷ்டமில்லை.

உதகமண்டலத்தின் மேற்குப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை ஜூன் மாதத்தில் வலுக்கும். ஆதலால் அங்கே ஏப்ரல் நடுவில் போத்து எடுக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் ஆகிய இடங்களில் அக்டோபர், நவம்பர் மழையே கடுமையானது. அங்கே ஆகஸ்டு கடைசி ஏற்ற சமயம். சென்னை முதலிய கடற்கரைப் பிரதேசங்களில் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அம்மாதத்து வெப்பத்தில் சில போத்துகள் தவறுமாகையால், வேண்டியதற்கு இரட்டிப்பாக நடுவது நலம்.

வடஇந்தியச் சமவெளியிலும் இந்த மழையே ஜெரேனியத்துக்குப் பெருந்தடையாயிருந்து வந்தது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து, வாசனைத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் பாலித்தீன் தாளால் கவிந்த கூண்டு அமைத்து, அதனடியில் தாய்ச்செடிகளை மழைக்காலம் முழுவதும் நனையாமல் காக்கும் முறையை ஏற்படுத்தியபின், கன்றின் அடக்கவிலை பல மடங்கு குறைந்தது. வீட்டுக்காரர் தாழ்வாரத்தில் செய்ய வேண்டியதும் இதே காரியந்தான்.

போத்து நடும் முறை

இதனைப் படிப்படியாகக் கூறுவோம்.

1. முதல்நாள் மாலையில் தாய்ச்செடிக்கு நீர் வார்த்து, மறுநாட் காலையில் போத்து எடுக்க வேண்டும். நோயற்ற செடியில், பூவில்லாத, வளைத்தால் பட்டென்று ஒடியும் நுனிகளே தக்கவை. முற்றி மரமாகிய தண்டும், நீர்த்து மெலிந்த தண்டும் ஆகா.

2. நுனியிலிருந்து சுமார் 4 அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு, ஒரு கணுவின் சற்றுக் கீழே கூரிய கத்தியால் ஒரே வெட்டாக நறுக்க வேண்டும். கத்தரியால் நசுக்கினால் அவ்விடம் அழுகும்.

3. மேலிருக்கும் இரண்டு மூன்று இலைகளை விட்டு மற்றவற்றை நீக்க வேண்டும். மொட்டு இருந்தால் கிள்ளிவிட வேண்டும். கணுக்களில் ஒட்டியிருக்கும் சிறு செதிலிலைகளையும் எடுத்துவிட வேண்டும். மண்ணுள் அழுகத் தொடங்குவது அவையே.

4. நறுக்கிய போத்துகளைத் தாளின்மேல் பரப்பி, நிழலில் சில மணி நேரம் முதல் ஓர் இரவு வரை காயவிட வேண்டும். வெட்டுவாய் உலர்ந்து மெல்லிய தோல் கட்டும். அவசரத்தால் பலரும் தவறவிடும் படி இதுவே. பச்சை வெட்டுவாயுடன் ஈரமண்ணில் நட்ட போத்து, கிருமிக்குத் திறந்து வைத்த வாயிலாகும்.

5. ஆற்றுமணல் இரண்டு பங்கும் மக்கிய இலைமக்கு ஒரு பங்கும் கலந்து, கொதிநீர் ஊற்றி ஆறவைத்துக்கொள்ள வேண்டும். குச்சியால் துளையிட்டு, ஒரு கணுவாவது மண்ணுள் மறையும்படி ஒன்றரை அங்குல ஆழத்தில் போத்தை வைத்து, சுற்றி விரலால் அமுக்க வேண்டும். 6 அங்குலத் தொட்டியின் ஓரமாக ஐந்து போத்து வைக்கலாம்.

6. நட்டவுடன் ஒருமுறை நீர் வார்த்து, வெளிச்சமுள்ள நிழலில் வைக்க வேண்டும். பிறகு மேல்மணல் உலர்ந்தால் மட்டுமே நீர். மற்றப் போத்துகளுக்குச் செய்வதுபோல் கண்ணாடியாலோ பாலித்தீன் பையாலோ மூடலாகாது. உள்ளே சேரும் புழுக்கம் இதை அழித்துவிடும். முதல் வாரத்தில் இலை சற்று வாடுவது இயல்பு. அதைக் கண்டு அஞ்சி நீரை அதிகமாக்கலாகாது.

7. மூன்று நான்கு வாரத்தில் நுனியில் புதுத் தளிர் தோன்றும். மெல்ல இழுத்தால் பிடிமானம் தெரியும். வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் தனித்தனியாக 3 அங்குலத் தொட்டிகளுக்கு மாற்றி, பத்து நாள் கழித்து வெயிலுக்குப் பழக்க வேண்டும். வேர்விடச் செய்யும் மருந்துப் பொடிகள் கடையிற் கிடைக்கும். வளைய ஜெரேனியத்துக்கு அவை அவசியமில்லை.

ஒரு சிறு கணக்கு

ஒரு செடியில் ஆறு போத்து எடுத்து, அவற்றில் நான்கு மட்டுமே பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தாய்ச்செடி மழையில் போய்விட்டது என்றும் கொள்வோம். மறுவருஷம் நான்கு செடி. அதற்கடுத்த வருஷம் பதினாறு. மூன்றாம் வருஷ முடிவில் அறுபத்து நான்கு. ஒரே ஒரு தொட்டி வாங்கிய செலவு இவ்வளவுக்கும் முதலாயிற்று. ஆனால் கைக்கு வந்த கன்றுகளை எல்லாம் பருவத்தில் விற்றுவிட்டு, தாய்ச்செடிகளை மட்டும் மழையை நம்பி வெளியில் விட்டவனிடம் நான்காம் வருஷம் ஒன்றும் மிஞ்சாது. முதலைச் செலவழிப்பவன் வட்டியையும் இழக்கிறான். எத்தனை விலை கேட்டாலும், நல்ல செடிகளில் பத்திலொன்றையாவது தாய்ச்செடியாக ஒதுக்கி, தனியிடத்தில் வைத்து, அதன் நுனிகளையே போத்துக்குப் பயன்படுத்த வேண்டும்.

நோய்கள்

நட்ட போத்தின் அடி ஈரக்கசிவுடன் கறுத்து, அக்கருமை மேலேறினால் அது கருங்கால் நோய். மண்ணில் வாழும் பூசணம் அதற்குக் காரணம். அதிக நீர் அதற்குத் துணை. அப்போத்தை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். மருந்தினால் அதை மீட்க முடியாது.

இலையின் மேற்புறம் மஞ்சட்புள்ளியும், அதன் நேர் கீழ்ப்புறம் வட்ட வட்டமாய்ச் செம்பழுப்புத் தூளும் காணப்பட்டால் அது துருநோய். குளிரும் ஈரமும் உள்ள மலைகளில் இது மிகுதி. அவ்விலைகளைக் கிள்ளி எரித்து, செடிகளுக்கிடையே காற்றோட்டம் உண்டாகும்படி தொட்டிகளை விலக்கி வைக்க வேண்டும்.

இவற்றினும் கொடியது பாக்டீரியாக் கருகல் நோய். இலையில் சிறு நீர்ப்புள்ளிகளும், ஓரத்திலிருந்து முக்கோண வடிவில் மஞ்சளும் தோன்றி, பின்பு கிளைகள் ஒவ்வொன்றாக வாடும். இதற்குச் சிகிச்சை இல்லை. ஒரு செடியிலிருந்து மறுசெடிக்கு இதனைக் கொண்டு செல்வது பெரும்பாலும் தோட்டக்காரரின் கத்தியே. ஆகவே போத்து எடுக்கும்போது இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு, ஒன்றைக் கையாளும்போது மற்றொன்றைக் கொதிநீரில் கிடக்கவிட்டு, ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் மாற்றி மாற்றி உபயோகிப்பது எளிய பாதுகாப்பு.

உருளைக்கிழங்கும் ஜெரேனியமும்

மலைவாசிகள் விசேஷமாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உருளைக்கிழங்குக்கு வரும் பாக்டீரியா வாடல் நோய் ஜெரேனியத்துக்கும் வரும். அந்நோய்க் கிருமியின் ஒரு பிரிவு குளிர்ப்பிரதேசங்களிலும் நிலைத்து வாழ வல்லது. நோய் கண்ட ஜெரேனியப் போத்து சிலசமயம் வெளிக்கு ஆரோக்கியமாகவே தோன்றும். 2003-ம் வருஷத்தில் கென்யாவிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட ஜெரேனியப் போத்துகளில் இக்கிருமி காணப்பட்டு, பல மாநிலங்களில் கண்ணாடி வீட்டுச் செடிகள் ஏராளமாக அழிக்கப்பட்டன. 2020-ம் வருஷத்தில் குவாத்தமாலாவிலிருந்து சென்ற போத்துகளிலும் அது தோன்றியது. அத்தேசத்தார் பூச்செடிக்காக அவ்வளவு அஞ்சவில்லை. தங்கள் உருளைக்கிழங்கு வயல்களுக்காகவே அஞ்சினர்.

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உருளைக்கிழங்கு பல குடும்பங்களின் ஜீவனம். அழகுக்காக வாங்கிய ஒரு தொட்டி அண்டை வயலைக் கெடுக்குமானால் அந்நஷ்டத்துக்கு ஈடு ஏது? ஆகவே உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி விளைந்த நிலத்து மண்ணைத் தொட்டிக்கு எடுக்கலாகாது. அம்மண்ணில் வேர்முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவும் இருத்தல் கூடும். புதிதாய் வாங்கிய செடியை ஒரு மாதம் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி பகலில் வாடுமானால், தண்டின் அடித்துண்டை நறுக்கித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் தொங்கவிட வேண்டும். சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து வெண்ணிற நூல்போல் கசிவு இறங்கினால் பாக்டீரியா இருப்பது நிச்சயம். அச்செடியைத் தொட்டி மண்ணோடு அப்புறப்படுத்தி எரித்துவிட வேண்டும். குப்பைக்குழியில் எறிதல் கூடாது. தொட்டியைக் கொதிநீரில் கழுவிய பின்னரே மீண்டும் உபயோகிக்க வேண்டும். அயலார் கேட்டாலும் சந்தேகமுள்ள செடியிலிருந்து போத்துக் கொடுத்தல் உதவி ஆகாது.

வாசனை ஜெரேனியம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஒருவரால் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் இது பயிரிடப்பட்டதாகக் கூறுவர். பின்பு நீலகிரிக்கும் பழனி மலைக்கும் பரவியது. இந்துமகா சமுத்திரத்திலுள்ள ரீயூனியன் தீவு இவ்வெண்ணெய்க்கு உலகப் புகழ்பெற்றது. எண்ணெயின் மணத்துக்கு ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்னும் சத்துகள் முக்கிய காரணம். அத்தரிலும் சோப்பிலும் இது சேர்க்கப்படுகிறது.

இதன் போத்துக்குச் சற்று நீண்ட, 6 முதல் 8 அங்குல நுனி வேண்டும். நடும் முறை மேற்கூறியதே. நன்கு வேரூன்றி இடம் மாற்றத் தகுதியாக ஏறக்குறைய இரண்டு மாதமாகும். நட்ட நான்கு மாதத்தில் முதல் அறுவடை செய்யலாம்.

எண்ணெயின் விலையைக் கேட்டு வீட்டுக் கொல்லையிலேயே செல்வம் கொழிக்கும் என்று எண்ணுவோர் இக்கணக்கைக் கருத வேண்டும். ஆயிரம் கிலோ பச்சைத் தழையை வாலையிலிட்டு வடித்தால் கிடைப்பது சுமார் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ எண்ணெயே. கொல்லையில் ஐம்பது செடி வைத்து, செடிக்கு வருஷம் ஒரு கிலோ தழை என்று தாராளமாகக் கணக்கிட்டாலும், மொத்தம் ஐம்பது கிலோ தழைக்கு 50 முதல் 75 கிராம் எண்ணெய்தான். அதற்காகத் தனியே வாலை வைப்பது வீண். பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே பிரதேசத்தில் பயிரிட்டு, ஒரு வாலையைப் பொதுவில் வைத்து நடத்தினால் மட்டுமே அது தொழிலாகும். தனிவீட்டுக்காரர் அதை வாசனைக்காகவும், அயலாருக்குக் கன்று கொடுப்பதற்காகவும் வளர்ப்பதே பொருத்தம்.

முடிவுரை

சுருங்கக் கூறின், ஜெரேனியம் வளர்ப்பவர் நினைவில் வைக்க வேண்டியவை நான்கே: மண்ணில் நீர் வடிய வேண்டும், விரலுக்கு ஈரம் தென்படும்வரை நீர் வார்க்கலாகாது, கத்தியும் மண்ணும் சுத்தமாயிருக்க வேண்டும், பெருமழைக்கு ஆறு வாரம் முன்னதாகப் போத்து நட்டுவிட வேண்டும். முதல் மூன்றில் சிறு தவறு நேர்ந்தாலும் நான்காவது அதை ஈடுசெய்யும். நான்காவதைத் தவறவிட்டால் ஏனைய மூன்றினாலும் மழைக்குத் தப்ப இயலாமற் போகலாம்.

இவ்வருஷம் மலையிலிருந்து ஒரு தொட்டியை வாங்கி வருபவர் அதில் பூவை மட்டும் காணாமல் ஆறு நுனிகளையும் காண்பாராக. தம் ஊரில் பெருமழை என்று தொடங்கும் என்பதைக் கணக்கிட்டு, அதற்கு ஆறு வாரம் முந்திய நாளைப் பஞ்சாங்கத்தில் குறித்து வைப்பாராக. அந்நாளில் அரைமணி நேரம் ஒதுக்கிக் கத்தியும் மணலும் எடுப்பவர் வீட்டில், மழை ஓய்ந்து தை மாதம் பிறக்கும்போது, கவிழ்த்து வைத்த வெறுந்தொட்டி இராது.